பற்று வரவு

மே மாதக் காரைக்குடியில்
கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான்.
வாசல் காவலுக்கு இருக்கும் ஆண்டியப்பன் தினமும் கேட்கிறார்:
"இன்னைக்கும் ஊட்டியா, தாயி?"

நாலு டிகிரி அறை. உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய்,
கட்டைவிரல் பருமன், முழங்கை உயரம்.
அதில் ஈர மணிகள், ஜவ்வரிசியைவிடப் பொடி.
மேலே நான் ஊற்றியிருப்பது
பன்னிரண்டு குடுவையில் வளர்த்து,
சோப்பு நீரில் உடைத்து,
சுழற்றி, வண்டல் ஒதுக்கிய
குடல் புற்றின் சாறு.

செல்லுக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருந்தாள்.
குப்பியில் மூன்று எழுத்து, இரண்டு எண்.
வயது ஐம்பத்து மூன்று என்று ஏட்டில் இருக்கிறது.
எந்த ஊர் என்று இல்லை.

எனக்கு வேண்டியது அவளிடம் இருந்த ஒரே ஒரு நொதி.
கொடுப்பவனிடம் ஒரு சர்க்கரையை வாங்கி
இன்னொருவன் சங்கிலி நுனியில் மாட்டிவிட்டு
கையைத் தட்டிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போகிற
தரகு.
புற்றுச் செல்லில் தரகு கூடுதல்.
எவ்வளவு கூடுதல் என்பதில்
என் நாலு வருஷம் போயிருக்கிறது.

சர்க்கரை ஆராய்ச்சி என்று வீட்டில் சொல்லப்போக
பள்ளத்தூரிலிருந்து பெரியப்பா ஃபைலோடு வந்துவிட்டார்.
சாப்பாட்டுக்கு முன் இருநூற்றுப் பத்து.
"அந்தச் சர்க்கரை இல்லை, பெரியப்பா."
"வேற எந்தச் சர்க்கரை?"
சியாலிக் என்றேன்.
சீனி போடாத காபியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

சொட்டு.
சொட்டு.
ஒட்டாதது முதலில் வழியும்; அதற்குப் பெயர் கழிவு.
அப்புறம் உப்பைக் கூட்டினால்
மணிகளைப் பிடித்திருந்தது பிடியை விடும்; அதுதான் சரக்கு.
வட்டிக்கடைப் பேரேடு பார்த்து வளர்ந்தவளுக்கு
இது புதிதில்லை.
பற்று இருந்தால்தான் வரவு.

நாற்பது குழல் பிடித்தேன்.
ஒவ்வொன்றிலும் கதிர் வீசும் சர்க்கரை கொஞ்சம் போட்டு,
மாட்டப்பட்டது எவ்வளவு என்று எண்ணியிடம் கேட்டேன்.
முப்பத்தொன்று. இருபத்தெட்டு. முப்பத்து மூன்று.
வெறும் தண்ணீரும் அவ்வளவு சொல்லும்.
எண்ணி பொய் சொல்லாது என்று தெரிந்தும்
பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன்.
முப்பது.

ஆறு நாள் வேலை.
சம்பை ஊற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு குடித்துவிட்டு
கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாத்தப்பன் பாத்திரம் கழுவப் போனவன்
திரும்பி வந்து நின்றான்.
"குழாய்ல தண்ணி வரலைக்கா.
அந்தக் கழிவை இன்னும் கொட்டலை."
வைக்கக் கூடாத குளிர்பெட்டியில்,
அவன் வைக்கவே கூடாத தயிர்சாதத்துக்குப் பக்கத்தில்,
விளிம்பு உடைந்த பீக்கரில் இருந்தது.
திட்டியிருக்க வேண்டும்.
ஒரு துளி எடுத்தேன்.

இருபத்தாறாயிரத்துச் சொச்சம்.

மணிகளைத் தொடாமலே முழுக்க வழிந்து போயிருக்கிறது.
நோட்டைப் புரட்டினால்
செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்து:
ஏற்றுமுன் உப்பு நீக்கு.
எதிரே டிக் இல்லை.
அன்று கரண்ட் போனது, ஜெனரேட்டருக்கு ஓடினேன்,
அப்புறம் என்ன செய்தேன் என்று நினைவில்லை.
உப்போடு போனவனை மணி பற்றவில்லை.

பையில் கட்டி இரவெல்லாம் உப்பு இறக்கி
மறுபடி ஏற்றி
மறுபடி சொட்டு.

இப்போது அட்டவணை ஆகிவிட்டது.
புரதம்: நானூற்றுப் பன்னிரண்டு மில்லிகிராமில் தொடங்கி
கடைசியில் புள்ளி மூன்று.
தூய்மை நூற்றைம்பது மடங்கு.
கைக்கு வந்தது நூற்றுக்குப் பதினொன்று.
மீதி எண்பத்தொன்பது எங்கே என்று ஆசிரியர் கேட்பார்.
குழலின் சுவரில், பையின் முடிச்சில்,
என் செவ்வாய்க்கிழமையில்.
கட்டங்களை எண்ணிப் பார்த்தேன், ஏழு.
ஐம்பத்து மூன்று வயதுக்காரியை எழுத
ஒன்றும் ஒதுக்கவில்லை.
எட்டாவது கோடு இழுத்தேன்.
தலைப்பு என்னவென்று தெரியாமல்
அப்படியே விட்டிருக்கிறேன்.

வெளியே வந்ததும் கண்ணாடி வெளுத்துப்போனது.
ஒன்றும் தெரியாமல் படியில் நிற்க,
ஆண்டியப்பன் குரல்:
"ஊட்டியில எப்படி, தாயி?"
"பதினொண்ணு" என்றேன்.
"அடேயப்பா," என்றார், "நல்ல குளிருதான்."